வருகைப் பதிவேடும் எண்டோமெட்ரியோசிஸ் நோயும்

கொல்கத்தா நகரில் மகப்பேறின்மைக்குச் சிகிச்சை செய்யும் நிலையங்கள் பல உள்ளன. மேற்கு வங்காள மாவட்டங்களிலிருந்தும், பீகார், அஸ்ஸாம் முதலிய மாநிலங்களிலிருந்தும், எல்லையைக் கடந்து வங்கதேசத்திலிருந்தும் தம்பதிகள் இந்நிலையங்களை நாடி வருகின்றனர். அங்கே டாக்டர் முதலில் கேட்பது மணமாகி எத்தனை ஆண்டுகள் ஆயின என்பது. அடுத்து மனைவியை நோக்கிச் சில கேள்விகள் எழும். எந்த வயதில் பூப்பெய்தினீர்கள்? எத்தனை நாளுக்கு ஒரு முறை மாதவிடாய் வருகிறது? எத்தனை நாள் நீடிக்கிறது? அந்நாட்களில் வலி உண்டா? படுக்கையில் கிடக்கும் அளவுக்கா? தாய்க்கோ தமக்கைக்கோ அவ்வாறு இருந்ததா?

இக்கேள்விகள் யாவும் பொருத்தமானவையே. ஆயினும் அவை கேட்கப்படும் காலம் பொருத்தமானதா என்பது ஆராயத்தக்கது. கேட்கப்படும் பெண்ணின் வயது முப்பதை ஒட்டியிருக்கும். அவள் கூறும் விடைகளோ பெரும்பாலும் பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே தெரிந்திருந்தவை. அவற்றை அன்று அறிந்தவர்கள் அவளுடைய தாயும், ஒருவேளை அவளுடைய வகுப்பு ஆசிரியையும் ஆவர். இடையிலே கழிந்த பதினைந்து ஆண்டுகளில் அவ்விடைகளை எவரும் பயன்படுத்திக் கொள்ளவில்லை.

மகப்பேறின்மை மருத்துவத்தில் கொல்கத்தாவுக்குத் தனியிடம் உண்டு. 1978-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் இங்கிலாந்தில் உடலுக்கு வெளியே கருவுற்ற முதற்குழந்தை பிறந்தது. அதற்கு எழுபது நாட்கள் கழித்து, அக்டோபர் 3-ஆம் நாள், அந்நாளைய கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்தியாயின் முயற்சியால் துர்க்கா என்று அழைக்கப்பட்ட குழந்தை பிறந்தது. தாயின் கருக்குழாய்கள் பழுதுற்றிருந்தன. அவர் கருமுட்டைகளை வெளியே எடுத்துக் கருவுறச் செய்து, கருவை உறைய வைத்துப் பாதுகாத்துப் பின்னர்க் கருப்பையில் சேர்த்தார். மாநில அரசு அமைத்த குழு அவர் கூற்றை ஏற்கவில்லை. 1981-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அவர் தம் உயிரை மாய்த்துக் கொண்டார். 1986-இல் மும்பையில் பிறந்த சோதனைக்குழாய்க் குழந்தைக்குப் பின்னணியில் இருந்த விஞ்ஞானி டி. சி. ஆனந்தகுமார், 1997-இல் முகோபாத்தியாயின் குறிப்புகளைப் படித்து, முதன்மை அவருக்கே உரியது என்று அறிவித்தார். தமக்கு உரியதெனக் கருதப்பட்ட புகழை வேறொருவருக்கு விட்டுக் கொடுத்த அச்செயல் விஞ்ஞான உலகில் அரிதாகவே காணப்படுவது.

இவ்வரலாற்றை இங்கே நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. அடைபட்ட குழாயைச் சுற்றி வழி காண்பதில் மருத்துவம் வியத்தகு திறமை காட்டியிருக்கிறது. குழாய் பழுதுறுவதற்கு முன் செய்யக்கூடியவற்றில் அத்திறமையில் ஒரு பங்கும் காட்டப்படவில்லை. எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோய் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

கருப்பையின் உட்சுவரில் மெல்லிய படலம் ஒன்று உண்டு. திங்கள்தோறும் தடித்து, கருவுறாதபோது இரத்தத்துடன் கழிவது அதுவே. அப்படலத்தை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே, அதாவது சினைப்பைகளிலும், கருப்பையைத் தாங்கும் இணைப்புகளிலும், இடுப்பறையின் உள்ளுறையிலும், சிலருக்குக் குடலிலும் சிறுநீர்ப்பையிலும் பற்றி வளர்வதே இந்நோய். இதன் திசு அமைப்பை 1860-ஆம் ஆண்டில் வியன்னாவைச் சார்ந்த ரோகிடான்ஸ்கி விவரித்ததாகக் கூறுவர். 1927-இல் அமெரிக்க டாக்டர் ஜான் சாம்சன் ஒரு விளக்கம் தந்தார். மாதவிடாய் இரத்தம் முழுவதும் வெளியே செல்வதில்லை. ஒரு பகுதி கருக்குழாய்களின் வழியாகப் பின்னோக்கி வயிற்றறைக்குள் சென்று, அதனுடன் செல்லும் படலத் துணுக்குகள் அங்கே வேரூன்றுகின்றன என்பது அவர் கருத்து.

இக்கருத்து இன்றும் பெரிதும் ஏற்கப்படுகிறது. ஆனால் ஓர் இடர்ப்பாடு உண்டு. கருக்குழாய் திறந்திருக்கும் பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இவ்வாறு இரத்தம் பின்னோக்கிச் செல்வதாகப் பின்னர் நடந்த ஆராய்ச்சிகள் காட்டின. நோயோ மகப்பேற்று வயதுள்ள பெண்களில் பத்தில் ஒருவருக்கு, உலகில் ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு, உள்ளதென உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. ஆகவே விதை விழுவது மட்டும் போதாது; நிலமும் இடங்கொடுக்க வேண்டும். அந்த நிலத்தின் தன்மையை அறிவதே இன்றைய ஆராய்ச்சியின் நோக்கம்.

கொல்கத்தாவின் விஞ்ஞானிகளுக்கு இதில் பங்குண்டு. இந்திய வேதியியல் உயிரியல் நிலையத்தில் சினேகசிக்தா ஸ்வர்ணகர் தலைமையில் நடந்த ஆராய்ச்சி, திசுக்களுக்கு இடையிலுள்ள பிணைப்பைக் கரைத்து வழி ஏற்படுத்தும் சில நொதிகள் இந்நோயில் மிகுவதை ஆராய்ந்தது. மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் பொருள் அந்நொதிகளில் ஒன்றை அடக்குவதைச் சுண்டெலிகளில் கண்டது. (இதனைக் கேட்டு மஞ்சள் தின்றால் நோய் தீரும் என்று ஊரில் சொல்லப் புறப்படுவோர் இருப்பின், சுண்டெலி வேறு, பெண் வேறு என்பதை அவர்களுக்கு நினைவூட்டல் நலம்.) சால்ட் லேக்கில் டாக்டர் பைத்யநாத் சக்ரவர்த்தி நிறுவிய இனப்பெருக்க மருத்துவ நிலையமும், கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இணைந்து நடத்திய ஆராய்ச்சிகளும் குறிப்பிடத்தக்கவை. கருமுட்டையைச் சூழ்ந்துள்ள நீரில், எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களுக்கு, உயிரணுவைச் சிதைக்கும் ஆக்சிஜன் வகைப் பொருள்கள் மிகுந்தும் அவற்றைத் தடுக்கும் பொருள்கள் குறைந்தும் காணப்பட்டன. இரத்தப் பரிசோதனையாலேயே நோயைத் தொடக்கத்தில் கண்டறிய இயலுமா என்றும் இதே குழுவினர் ஆராய்ந்தனர். அத்தகைய பரிசோதனை இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

இவற்றிலிருந்து மகப்பேறு தடைப்படும் விதமும் ஒருவாறு விளங்கும். இடம் மாறிய திசுவும் திங்கள்தோறும் கசியும். கசிந்த இரத்தம் வெளியேற வழியின்றி அழற்சியை உண்டாக்கும். அழற்சி ஆறும்போது உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொள்ளும். கருக்குழாயின் வாய் சினைப்பையிலிருந்து விலகிப் போகலாம். சினைப்பையில் பழைய இரத்தம் தேங்கிக் கட்டியாகலாம். குழாய் நன்றாக இருக்கும்போதும் முட்டையின் தரம் குறையலாம். ஆயினும் நோயுற்ற பெண்கள் பலர் இயல்பாகவே கருவுறுகின்றனர் என்பதை ஊழியர்கள் மறக்கலாகாது. நோயின் பெயரைக் கூறிய கையோடு "உனக்குக் குழந்தை பிறக்காது" என்று ஒரு பெண்ணிடம் சொல்லுவது பொய்யும் கொடுமையும் ஆகும்.

இனி, நோய்க்கு ஏதுவாகும் நிலைகள் எவை? இளவயதிலேயே பூப்பெய்துதல், மாதவிடாய்களுக்கு இடைப்பட்ட நாட்கள் குறைந்திருத்தல், உதிரப்போக்கு நெடுநாள் நீடித்தல் அல்லது மிகுந்திருத்தல், நெருங்கிய இரத்த உறவினருக்கு இந்நோய் இருத்தல், உதிரம் வெளியேறும் பாதை பிறவியிலேயே தடைப்பட்டிருத்தல், உடல் மெலிந்திருத்தல், பிள்ளை பெறாதிருத்தல் ஆகியவை அடிக்கடி கூறப்படுவன. உணவு, காப்பி, சுற்றுப்புற நச்சுப் பொருள்கள் பற்றியும் பல ஆராய்ச்சிகள் உண்டு; அவை ஒன்றற்கொன்று முரண்படுவதால் ஊழியர்களுக்கு இப்போது பயன்படா.

முதல் மூன்று நிலைகளுக்கும் அடிப்படை ஒன்றே. எளிய கணக்கினால் அது விளங்கும். பதினோராம் வயது தொடக்கத்தில் பூப்பெய்தி 26 நாளுக்கு ஒரு முறை விலக்காகும் பெண்ணுக்கு ஆண்டுக்கு 14 முறை உதிரப்போக்கு உண்டாகும். 25 வயது தொடங்கும்போது 196 முறை ஆகியிருக்கும். ஒவ்வொரு முறையும் ஏழு நாள் என்றால் மொத்தம் 1,372 நாட்கள். பதினான்காம் வயது தொடக்கத்தில் பூப்பெய்தி, 32 நாளுக்கு ஒரு முறை, நான்கு நாள் மட்டும் விலக்காகும் பெண்ணுக்கு அதே வயதில் ஏறக்குறைய 125 முறை, 500 நாட்கள். இருவரும் ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கலாம். பின்னோக்கிச் செல்லும் இரத்தத்துக்கு ஒருத்தியின் உடலில் மற்றவளைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு வாய்ப்பு உண்டாகிறது. இரண்டும் இயல்பின் எல்லைக்குள் அடங்கியவையே. முதற்பெண்ணுக்கு நோய் வந்தே தீரும் என்பதில்லை. அவளுக்கு வலி மிகுமாயின் அதனைச் சற்றுக் கூடுதலாகக் கருதிப் பார்க்க வேண்டும் என்பதே இக்கணக்கின் பயன்.

பரம்பரைத் தொடர்பு தெளிவானது. இரட்டைப் பிள்ளைகளை வைத்து ஆஸ்திரேலியாவிலும் சுவீடனிலும் நடந்த ஆராய்ச்சிகள், இந்நோய் ஒருவருக்கு வருவதிலும் மற்றவருக்கு வராததிலும் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி பரம்பரையால் அமைவது என்று காட்டின. 2023-ஆம் ஆண்டில் வெளியான பெரியதொரு பன்னாட்டு ஆராய்ச்சி, நோயுற்ற அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களின் மரபணுக்களை ஆராய்ந்து, நோயுடன் தொடர்புள்ள 42 இடங்களைக் குறித்தது. ஆராயப்பட்டவர்கள் ஐரோப்பிய, கிழக்காசிய வழியினரே. இந்தியப் பெண்களைப் பற்றிய இக்குறையை நிரப்புவதற்காக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சார்ந்த மும்பை இனப்பெருக்க நல ஆராய்ச்சி நிலையம் பல மையங்களை இணைத்து ஆராய்ச்சி மேற்கொண்டது.

பரம்பரை பற்றிய இச்செய்தியில் ஒரு விந்தை அடங்கியுள்ளது. தாய்க்கு நோய் இருந்தால் மகளுக்கு வர வாய்ப்பு மிகுதி. அந்தத் தாய்க்கோ தன் நோய்க்குப் பெயர் தெரியாது. மாதந்தோறும் மூன்று நாள் சுருண்டு கிடப்பது பெண் பிறவியின் இயல்பு என்றே அவள் வாழ்ந்திருப்பாள். மகள் வலியால் துடிக்கும்போது, "எனக்கும் அப்படித்தான் இருந்தது, பொறுத்துக் கொள்" என்பாள். ஐயத்தை எழுப்ப வேண்டிய சொல்லே ஐயத்தைத் தீர்க்கும் சொல்லாகி விடுகிறது. "எனக்கும் அப்படித்தான்" என்று தாய் கூறுவதைக் கேட்கும் கிராம சுகாதாரச் செவிலியர், அதனை ஆறுதல் மொழியாகக் கொள்ளாமல் நோய் வரலாறாகக் குறித்துக் கொள்வாராயின், எந்தக் கருவியும் இன்றி ஒரு பரிசோதனை நடந்ததற்கு ஒப்பாகும்.

பிள்ளை பெறாமையை ஏதுநிலையாகக் கூறுவதில்தான் பெருந்தவறு நேர்கிறது. நோய் பிள்ளைப்பேற்றைத் தடுக்கிறது. பிள்ளை பெறாத பெண்ணுக்கு, இடையே பேறுகாலமும் பாலூட்டும் காலமும் இன்மையால், உதிரப்போக்கு இடைவிடாது நிகழ்ந்து நோய் வளர வாய்ப்பாகிறது. எது காரணம், எது காரியம் என்று பிரித்தறிவது எளிதன்று. மகப்பேறின்மை நிலையங்களில் நடக்கும் ஆராய்ச்சிகளில் இச்சிக்கல் மேலும் வலுக்கிறது. அங்கே எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்கள் ஒருபுறமும், வேறு காரணத்தால் பிள்ளை இல்லாதவர்கள் மறுபுறமும் வைத்து ஒப்பிடப்படுகின்றனர். இருபுறத்தும் பிள்ளையில்லை, ஆகவே பிள்ளைப்பேற்றைப் பற்றி அவ்வொப்பீடு ஒன்றும் சொல்லாது. பிள்ளை பெற்ற பெண்களோடு ஒப்பிட்டாலோ வேறு விடை வரும். அன்றியும், வயிற்றுக்குள் குழாய்க்கருவி செலுத்திப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி சோதனைக்கு உட்பட்டவர்களிடத்தில் மட்டுமே நோய் உறுதியாகத் தெரிகிறது. வலி மிகுந்தவரும் வசதி மிகுந்தவருமே அச்சோதனைக்கு வந்து சேருகின்றனர். மகப்பேறு இல்லாத பெண்களில் நூற்றுக்கு 25 முதல் 50 வரை இந்நோய் உடையவர் என்று புத்தகங்கள் கூறுவதில் காணும் அகன்ற இடைவெளிக்கு, யாரைச் சோதித்தார்கள் என்பதும் ஒரு காரணம்.

இத்தவற்றின் விளைவை மருத்துவ வரலாறு முன்னரே கண்டிருக்கிறது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து டாக்டர் ஜோ மெய்க்ஸ், 1940-களில், இந்நோய் காலந்தாழ்த்தி மணந்து பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடும் வசதியுள்ள பெண்களிடம் மிகுதி என்று கண்டு, இளவயதில் மணந்து பிள்ளை பெறுவதே தடுப்பு முறை என்று வற்புறுத்தினார். அவர் கண்டவர்களில் வசதி படைத்தவரே மிகுதி. ஆகவே நோயும் வசதி படைத்தவரின் நோயாயிற்று. 1976-இல் டாக்டர் டொனால்ட் சாட்மன் என்பவர், இடுப்பறை அழற்சி என்று முடிவு கட்டப்பட்டிருந்த கறுப்பினப் பெண்களை லேப்ராஸ்கோப்பி மூலம் ஆராய்ந்தபோது, ஐவரில் ஒருவருக்கு மேற்பட்டோருக்கு இந்நோய் இருப்பது தெரிய வந்தது. அதுவரை அவர்களுக்கு நோய் இல்லாமலிருக்கவில்லை. அவர்களிடம் எவரும் தேடிப் பார்க்கவில்லை.

மெய்க்ஸின் அறிவுரை இந்நாட்டில் எவரும் புத்தகத்தைப் படித்துக் கற்றதன்று. அதற்கு முன்னரே அது வீடுதோறும் வழங்கியது. "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும், ஒரு பிள்ளை பெற்றால் வலி போய்விடும்" என்று சொல்லாத ஊர் இல்லை. சில வேளைகளில் படித்த ஊழியர்களும் இதனைக் கூறுகின்றனர். பிள்ளையில்லாமை ஏதுநிலை என்னும் பாடம் அவர்களுக்குத் துணை நிற்கிறது. மேற்கு வங்காளத்தில் இச்சொல்லின் எடை என்ன என்பதைக் கருத வேண்டும். 2019-21-ஆம் ஆண்டுகளின் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, அம்மாநிலத்தில் 20 முதல் 24 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 41.6 பேர் பதினெட்டு வயது நிறைவதற்குமுன் மணம் செய்விக்கப்பட்டவர்கள். முந்தைய கணக்கெடுப்பிலும் ஏறத்தாழ இதே நிலையே. பெண்கள் பள்ளியில் தொடர்ந்து படிப்பதற்காக 2013-இல் தொடங்கப்பட்ட கன்யாஸ்ரீ திட்டம் பன்னாட்டுப் பாராட்டைப் பெற்றது. அத்தகைய திட்டமும் எளிதில் அசைக்க முடியாத வழக்கம் இது. மகளை விரைவில் மணம் செய்விக்கக் காரணம் தேடும் குடும்பத்துக்கு, அவளுடைய மாதவிடாய் வலியை மற்றொரு காரணமாகக் கொடுப்பது அறியாமையினும் தீயது.

ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டி இதனைத் தெளிவாகவே கூறியிருக்கிறது: நோயைத் தீர்க்கும் பொருட்டு மட்டும் கருவுறும்படி எவருக்கும் அறிவுரை கூறலாகாது. பேறுகாலத்தில் வலி தணிவதுண்டு. பின்னர் மாதவிடாய் திரும்பும்போது வலியும் திரும்பலாம். அதே வழிகாட்டி, லேப்ராஸ்கோப்பி செய்தாலன்றி நோயை முடிவு செய்ய இயலாது என்ற பழைய கொள்கையையும் தளர்த்தியது. நோய் வரலாற்றையும் ஸ்கேன் சோதனையையும் கொண்டு சிகிச்சையைத் தொடங்கலாம். ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிடினும் நோய் இல்லை என்று தீர்மானிக்கக் கூடாது. வரலாற்றுக்கு இவ்வாறு மதிப்பு உயர்ந்திருக்கும்போது, அவ்வரலாறு யாரிடம் உள்ளது என்ற கேள்வியின் மதிப்பும் உயர்கிறது.

இளம்பெண்களைப் பற்றிய பகுதியில் அவ்வழிகாட்டி, மாதந்தோறும் குறித்த காலத்தில் பள்ளிக்கு வராதிருத்தலை இந்நோயின் ஐயத்துக்குரிய குறிகளுள் ஒன்றாகக் கூறுகிறது. இதனைப் படிக்கும் ஆசிரியர் தம் மேசைமீதுள்ள வருகைப் பதிவேட்டைச் சற்று வேறு கண்ணோடு காண்பார். ஒரு மாணவி ஜூன் 9, 10, ஜூலை 6, 7, ஆகஸ்டு 3, 4 ஆகிய நாட்களில் வரவில்லை. விடுமுறைக் கடிதத்தில் ஒரு முறை காய்ச்சல், ஒரு முறை வயிற்று வலி, ஒரு முறை உறவினர் வீட்டுத் திருமணம். தனித்தனியே பார்த்தால் எவையும் கருதத்தக்கன அல்ல. வரிசையாகப் பார்த்தால் 27, 28 நாள் இடைவெளி தெரிகிறது. கடிதம் எழுதுவோர் உண்மையை எழுத முடியாத வீட்டில் பதிவேடு உண்மையை எழுதி விடுகிறது.

உலக சுகாதார நிறுவனம், அறிகுறிகள் தோன்றியதிலிருந்து நோய் கண்டறியப்படும்வரை பொதுவாக நான்கு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் கழிவதாகக் கூறுகிறது. இத்தாமதத்தில் ஒரு பகுதி டாக்டர்களால் நேர்வது. மற்றொரு பகுதி, டாக்டரிடம் வருவதற்கே முன் கழிவது. அப்பகுதியைக் குறைக்க வல்லவர்கள் ஆசிரியர்களும் கள ஊழியர்களுமே. இதற்குப் புதிய துறையோ புதிய பணியிடமோ தேவையில்லை. 2014-இல் தொடங்கிய தேசிய இளம்பருவ நலத் திட்டத்தின்கீழ் ஆலோசனை நிலையங்கள் உள்ளன. மேற்கு வங்காளத்தில் அவை அன்வேஷா என்ற பெயரால் வழங்குகின்றன. 2020-இல் தொடங்கிய பள்ளி நலத் திட்டம், பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை நலத் தூதுவர்களாக்கிப் பயிற்சியளிக்க வகை செய்தது. தமிழ்நாட்டில் புதுயுகம் திட்டத்தின் மூலம் பஞ்சுத் துணிகள் மாணவியரின் கைக்கு வந்து சேருகின்றன. பஞ்சுத் துணி உதிரத்தைக் கவனிக்கிறது, வலியைக் கவனிப்பதில்லை. அதனை வழங்கும் கையே இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட முடியும்: வலியினால் பள்ளிக்கு வராமல் இருந்ததுண்டா? மாத்திரை உண்டும் வலி அடங்காமல் இருந்ததுண்டா?

இதற்கு எதிராகக் கூறப்படும் நியாயங்களையும் கேட்டல் வேண்டும். மாதவிடாய் வலி இல்லாத மாணவியே குறைவு. எல்லாரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் உண்மை நோயாளிக்கு இடமிருக்காது என்பர். இது பொருளுள்ள மறுப்பே. பெரும்பாலோருக்கு வருவது நோயில்லாத சூதக வலிதான். ஆனால் அவ்வலியையும் பொறுத்துக் கொண்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. டாக்டரின் ஆலோசனைப்படி மெஃபனமிக் அமிலம், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளை உரிய நேரத்தில் உட்கொண்டால் மிகப் பலருக்கு வலி அடங்கும். முறையான சிகிச்சை மூன்று முதல் ஆறு திங்கள் வரை நடந்தும் தணியாதவர்களே பெண் நோய் நிபுணரிடம் செல்ல வேண்டியவர்கள். ஆக, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வடிகட்டல் நிகழ்ந்து விடுகிறது. பெரும்பாலான மாணவியர் அங்கிருந்தே நலமாகத் திரும்பி விடுவர். அவர்களுக்கும் இழந்த பள்ளி நாட்கள் மீளுகின்றன.

எல்லா வலியையும் எண்டோமெட்ரியோசிஸ் என்று கருதுவதும் தவறே. இந்நாட்டில் கருக்குழாயைக் கெடுக்கும் மற்றொரு பகை, இனப்பெருக்க உறுப்புகளைப் பற்றும் காசநோய். அது பெரும்பாலும் ஓசையின்றி வருவது. வலி சிறிதாகவோ இல்லாமலோ இருக்கும். உதிரப்போக்குக் குறைந்து நின்றும் போகலாம். வீட்டில் காசநோயாளி இருந்த வரலாறு உண்டா என்று கேட்பது கள ஊழியரின் கடமை. ஒன்று மிகுந்த வலியினாலும் மற்றொன்று வலியின்மையினாலும் கவனிக்கப்படாமல் போவதால், கொல்கத்தாவின் மகப்பேறின்மை நிலையங்களுக்கு இரண்டும் ஒரே வரிசையில் வந்து சேருகின்றன.

மற்றொரு மறுப்பு இதனினும் கடுமையானது. ஒரு பெண்ணின் மாதவிடாய்ச் செய்தியைப் பள்ளி குறித்து வைக்கத் தொடங்கினால், அச்செய்தி ஊருக்குத் தெரியும். நாளை பெண் பார்க்க வருவோர் காதுக்கும் எட்டும். "அவளுக்கு வயிற்றில் கோளாறாம்" என்ற ஒரு சொல் போதும். இவ்வச்சம் வீண் அச்சமன்று. ஆகையால் பதிவேட்டில் புதிதாக எதனையும் எழுதலாகாது. வகுப்பில் எவரையும் எழுப்பிக் கேட்கலாகாது. ஆண் ஆசிரியர் தாம் கவனித்ததை ஆசிரியை ஒருவரிடம் தனியே தெரிவிப்பதோடு நிற்க வேண்டும். மாணவியின் கையில் ஒரு சிறு நாட்காட்டியைக் கொடுத்து, வலி வந்த நாளையும், மாத்திரை உண்ட நாளையும், பள்ளிக்கு வராத நாளையும் அவளே குறித்துக் கொள்ளச் செய்யலாம். அது அவளுடைய உடைமை. டாக்டரிடம் செல்லும்போது அவளே எடுத்துச் செல்வாள். நாட்காட்டி கொடுக்கும்போது தாயையும் அழைத்துப் பேச வேண்டும். அப்போது பல தாய்மார் தம்முடைய வலியைப் பற்றி முதன்முறையாக வாய் திறப்பதும் உண்டு.

மாணவியைப் பார்க்கும் டாக்டர் ஒரு வார்த்தையில் அவளைத் திருப்பி அனுப்பவும் கூடும். "இந்த வயதில் இப்படித்தான் இருக்கும்" என்று அவரும் சொல்லலாம். அப்போது ஆசிரியையும் செவிலியரும் சோர்வடையத் தேவையில்லை. ஆறு திங்கள் நாட்காட்டியைக் கையில் வைத்துக் கொண்டு மீண்டும் செல்லும் மாணவியிடம் அவ்வாறு கூறுவது அத்துணை எளிதாயிராது.